பாக்-மேன் மறுஆக்கங்கள்

பாக்-மேன் என்பது ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980இல் வெளியிட்ட நிகழ்பட ஆட்டம். காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்துக்காக உருவான இது, பின்னர் பல கருவிகளுக்குப் பலமுறை மறுஆக்கம் செய்யப்பட்டது. பழைய ஆட்டத்தை மீண்டும் உருவாக்குவதால் என்ன பயன் என்ற கேள்விக்கு இதன் வரலாறு நல்ல விடை தருகிறது.

மூல ஆட்டம்

இதை வடிவமைத்தவர் தோரு இவத்தானி. அக்காலத்து ஆர்கேட் ஆட்டங்களில் சுடுவதே மிகுதி. பெண்களும் விரும்பி ஆடும் ஒன்றைத் தர எண்ணிய அவர், உண்பதை ஆட்டத்தின் மையமாக்கினார். புதிர்ப்பாதையில் உள்ள 240 சிறு புள்ளிகளையும் 4 பெரிய புள்ளிகளையும் தின்று முடிக்க வேண்டும். நான்கு பேய்களிடம் சிக்கக் கூடாது.

பேய்களுக்குத் தனித்தனி இயல்பு உண்டு. சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் பாக்-மேனுக்கு முன்னால் உள்ள இடத்தைக் குறிவைக்கும். நீலப் பேய் தன் இலக்கைச் சிவப்புப் பேயின் இடத்தையும் கணக்கிட்டே முடிவு செய்யும். ஆரஞ்சுப் பேய் அருகில் வந்ததும் விலகிப் போகும். இந்த எளிய விதிகளே ஆட்டத்தின் உயிர்.

குறையும் இருந்தது. ஆடுபவர் ஒரே விதமாக ஆடினால் பேய்களும் ஒரே விதமாகவே நகரும். அதனால் பலர் வழிகளை மனப்பாடம் செய்தே வென்றனர். மேலும், சுற்று எண்ணை 8 பிட்டில் வைத்திருந்ததால், 256ஆம் சுற்றில் திரையின் வலப்பாதி குழம்பிப் போகும். அதற்கு மேல் ஆட முடியாது.

வீட்டுக்கு வந்த ஆட்டம்

1982இல் அட்டாரி 2600 என்னும் வீட்டுக் கருவிக்கு டாட் ஃபிரை இதை எழுதினார். கருவியின் நினைவகம் 128 பைட்டு. ஆட்டப் பேழையின் கொள்ளளவு 4 கிலோபைட்டு. நான்கு பேய்களையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாமல் மாற்றி மாற்றிக் காட்டியதால் அவை மினுக்கின. புள்ளிகள் கோடுகளாயின. 70 லட்சத்துக்கு மேல் விற்றபோதும் வாங்கியவர்கள் பலர் ஏமாற்றமடைந்தனர்.

அமெரிக்காவின் ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் வேறு வழியில் சென்றது. பாக்-மேன் இயந்திரத்தில் பொருத்தும் மாற்றுப் பலகை ஒன்றை அது உருவாக்கியது. அதுவே மிட்வே நிறுவனத்தின் வழியாக மிஸ் பாக்-மேன் ஆனது. இதில் புதிர்ப்பாதைகள் நான்கு. பேய்களின் நகர்வில் தற்செயலும் கலந்ததால் மனப்பாடம் பலிக்கவில்லை. மூலத்தின் குறையறிந்து செய்த திருத்தம் இது. 1983இல் அதே குழு, 8 கிலோபைட்டுப் பேழையில் மிஸ் பாக்-மேனை அட்டாரி 2600க்கும் கொண்டுவந்தது. மினுக்கல் பெரிதும் குறைந்திருந்தது. முந்தைய ஏமாற்றத்துக்குக் கருவி மட்டுமே காரணமன்று என்பதை இது காட்டியது.

மூலவரின் மறுஆக்கம்

2007இல் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு வந்த பாக்-மேன் சாம்பியன்ஷிப் எடிஷனை வடிவமைத்ததில் இவத்தானிக்கும் பங்குண்டு. அகலத் திரையில் புதிர்ப்பாதை இரு பாதிகளாகப் பிரிந்தது. ஒரு பாதியின் புள்ளிகளைத் தின்றால் மறுபாதியில் பழம் தோன்றும்; பழத்தைத் தின்றால் புதிய புள்ளிகள் வரும். ஆட்டம் ஐந்து நிமிடம். துரத்தலும் தப்புதலும் மாறவில்லை. வேகமும் கால எல்லையும் புதியவை.

மறுஆக்கமும் பாதுகாப்பும்

மறுஆக்கம் மூலத்துக்கு மாற்றாகாது. மின்சுற்றுப் பலகைகள் பழுதாகின்றன. படக்குழாய்த் திரைகள் அரிதாகி வருகின்றன. மூல நிரலை அப்படியே இயக்கும் மேம் என்னும் மென்பொருளை 1997இல் நிக்கோலா சால்மோரியா தொடங்கினார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் பாக்-மேனைத் தன் சேகரிப்பில் சேர்த்தது.

256ஆம் சுற்றின் குழப்பம்கூட வரலாற்றுச் சான்றுதான். அதைத் திருத்திய மறுஆக்கத்தில் அந்தச் சான்று இருக்காது. ஆகவே மூலத்தைக் காப்பதும் அதைப் புதிதாக்குவதும் தனித்தனிப் பணிகள். நல்ல மறுஆக்கம் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று அறிந்து செய்யப்படுவது. பழைய இயந்திரத்தைக் கண்டிராத தலைமுறைக்கு அந்த ஆட்டத்தின் சுவையைக் கொண்டு சேர்ப்பதும் அதுவே.