டி ஏஞ்செலிஸும் பட்டறையும்: மத்திகிரியிலிருந்து ஒரு மறுவாசிப்பு

இந்திய வானூர்தி வரலாற்றைப் பலரும் 1911 பிப்ரவரி 18இல் தொடங்குகிறார்கள். அன்று பிரெஞ்சு விமானி ஹென்றி பெக்கே சுமார் 6,500 கடிதங்களுடன் அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். உலகின் முதல் அதிகாரபூர்வ வான் அஞ்சல் அது. ஆனால் அந்த விமானம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. அதற்குக் கிட்டத்தட்ட ஓராண்டு முன்பே, 1910 மார்ச்சில், சென்னையில் ஒரு விமானம் எழும்பியிருந்தது. அது சென்னையிலேயே கட்டப்பட்டது. இந்த வேறுபாட்டுக்கு வரலாற்றில் உரிய இடம் தரப்படவில்லை என்பதே என் வாதம்.

அதை ஓட்டிய ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். 1909 ஜூலையில் விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். எட்டு மாதத்துக்குள் டி ஏஞ்செலிஸின் இரட்டை இறக்கை விமானம் தயாராகிவிட்டது. பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்தபின், தீவுத்திடலில் மக்கள் முன் பறந்தார். வடிவமைப்பு அவருடையது, கட்டித் தந்தது சிம்ப்சன் பட்டறை. 1840இல் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய அந்த நிறுவனத்தில்தான் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் செய்தார். மரத்தை வளைக்கவும் இரும்பைப் பொருத்தவும் அங்கே தேர்ந்த கைகள் இருந்தன. அவை இல்லாமல் எட்டு மாதத்தில் ஒரு விமானம் சாத்தியமே இல்லை.

ஓசூரை அடுத்த மத்திகிரியில் இருந்து பார்க்கும்போது பட்டறையின் இந்தப் பங்கு இன்னும் தெளிவாகிறது. 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குக் குதிரை வளர்க்கப் பண்ணை அமைத்த ஊர் இது. இன்று அது அரசுக் கால்நடைப் பண்ணை. பக்கத்திலேயே, தளி சாலையில், பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் ஓடுதளமும் ஆலையும் இருக்கின்றன. 1990களில் அங்கே இத்தாலிய பார்த்தெனாவியா நிறுவனத்தின் பி-68 என்ற ஆறு இருக்கை விமானம் கட்டப்பட்டது. ராணுவம் சாராத விமானத்தைத் தனியார் நிறுவனம் உற்பத்தி செய்தது இந்தியாவில் அதுவே முதல்முறை.

சிம்ப்சனுக்கும் பேளகொண்டப்பள்ளிக்கும் நேர்வழி மரபு இருப்பதாக நான் சொல்லவில்லை. டி ஏஞ்செலிஸுக்குப் பின் சென்னையில் அந்த வேலை தொடரவில்லை. 1940இல் பெங்களூரில் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் வேறொரு தொடக்கம். ஓசூர்ப் பகுதி அதன் அண்டையில் வளர்ந்தது. பி-68இன் வடிவமைப்பும் வெளிநாட்டுடையதுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வரைபடம் எங்கிருந்து வந்தாலும், தகட்டை வெட்டி, துளையிட்டு, ரிவெட் அடித்துப் பறக்கும் பொருளாக்கியவர்கள் இங்கிருந்தவர்கள். முன்னோடி என்ற சொல்லை விமானிக்கு மட்டும் கொடுத்தால் இவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

சிம்ப்சன் தச்சர்களை இனிக் கேட்க முடியாது. தொண்ணூறுகளின் நடுவில் இருபத்தைந்து வயதில் பி-68இல் வேலை செய்த ஃபிட்டருக்கு இன்று ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். அவர்களுடைய வாய்மொழியைப் பதிவு செய்யும் வேலையை மத்திகிரியிலேயே தொடங்க வேண்டும்.