உயிர் காக்கக் கற்றவர்கள்

ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றைப் பயிலும்போது நாம் நம் நாட்டு எல்லையோடு நின்றுவிடலாகாது. கடல் கடந்த நாடுகளிலும் பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்கள் கல்வியைத் துணைக்கொண்டு எழுந்த வரலாறுகள் உள. அவற்றுள் ஒன்றை இவ்வெள்ளிவிழா மலரின் வாயிலாக நம் இளைஞர் முன் வைக்க விழைகின்றோம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், 'ஹில்' என்னும் பகுதியைச் சேர்ந்த கறுப்பின மக்கள் அவசர மருத்துவப் பயிற்சி பெற்ற வரலாறு அது.

1960களில் அந்நகரில் ஒருவர் மயங்கி விழுந்தால் வந்தது போலீஸ் வேன். நோயாளியைத் தூக்கிப் பின்புறம் கிடத்திவிட்டுக் காவலர் வண்டியை ஓட்டுவர். வழியில் மூச்சு நின்றால் அதை மீட்கத் தெரிந்தவர் எவருமிலர். வேறு பல ஊர்களில் சவ அடக்க நிலையங்களின் வண்டிகளே இப்பணியைச் செய்தன. 1966 நவம்பரில் மாநில முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் ஒரு கூட்டத்தில் சுருண்டு விழுந்தார். அவரும் போலீஸ் வண்டியிலேயே கொண்டு செல்லப்பட்டார். மூளைக்குப் பிராணவாயு எட்டாமற்போய்ச் சில வாரங்களில் மறைந்தார். ஆளுநராக இருந்தவர்க்கே இந்நிலையெனில், போலீஸ் வண்டி காலத்தில் வந்து சேராத ஹில் பகுதி ஏழைகளின் நிலையை நாம் எளிதில் உணரலாம்.

அந்நகரின் மருத்துவமனையில் பணியாற்றியவர் பீட்டர் சஃபார். வியன்னாவில் பிறந்த மயக்கமருந்து நிபுணர். வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையை ஆய்ந்து நிறுவியவர். 1966இல் தம் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தவர். அறநிதி ஒன்றின் தலைவரான ஃபில் ஹாலனும் ஹில் பகுதியின் 'ஃப்ரீடம் ஹவுஸ்' அமைப்பும் அவரோடு கைகோத்தனர். 1967இல் பயிற்சி தொடங்கிற்று.

தேர்ந்தெடுக்கப்பட்டோர் யாவர்? வேலைக்குத் தகுதியற்றோர் என்று உலகம் ஒதுக்கியவர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர். அவர்க்குச் சுமார் 300 மணி நேரப் பாடம் அளிக்கப்பட்டது. உடற்கூறு, உடலியங்கியல், குருதிப்போக்கை நிறுத்தல், மூச்சை மீட்டல், வண்டியைக் காப்புடன் ஓட்டுதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். பரபரப்பு மிகுந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் அறுவைக் கூடத்திலும் மருத்துவர் அருகில் நின்று அவர்கள் கற்றனர். பள்ளிச் சான்றிதழ் இல்லாதோர் அதனைப் பெறவும் வழி செய்யப்பட்டது.

1968இல் அவர்களுடைய ஆம்புலன்ஸ்கள் தெருவில் இறங்கின. முதல் ஆண்டிலேயே சுமார் 5,800 அழைப்புகளுக்கு அவை விரைந்தன. கறுப்பர் கை தம்மீது படலாகாது என மறுத்த வெள்ளை நோயாளிகளும் இருந்தனர். இதை வாசிக்கையில் நம்முள் எழும் நினைவுகளை விரித்துரைக்கத் தேவையில்லை.

ஒன்றை நாம் இங்கே கருதுதல் வேண்டும். அந்நாளில் பெரிய மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில்கூட அத்துறைக்கெனப் பயின்ற மருத்துவர் இல்லை; பிற துறையினரே முறைவைத்துப் பார்த்தனர். அவசர மருத்துவத்திற்கான முதல் பட்டமேற்படிப்புப் பயிற்சி சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது 1970இல்தான். அது தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது 1979இல். மருத்துவ உலகம் விழித்தெழுமுன்னரே ஹில் பகுதி இளைஞர் அப்பாடத்தைக் கற்றுத் தெருவில் செயற்படுத்தினர். பின்னர் அவர்களை வழிநடத்திய மருத்துவர் நான்சி கரோலின், அப்பணியின் பட்டறிவைக் கொண்டு வகுத்த பாடத்திட்டம் அமெரிக்க நாடு முழுமைக்கும் அடிப்படையாயிற்று.

ஆயின் முடிவு இனிதாக இல்லை. அவர்களின் வண்டிகள் ஓடியது நகராட்சியின் ஒப்பந்தப் பணத்தில். 1975 அக்டோபரில் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது. ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. புதிய சேவையில் சேர்ந்த பழைய ஊழியர்க்குப் புதுத் தேர்வுகள் வைக்கப்பட்டன, சிலர் நோயாளியைத் தொடாத வேலைகளுக்குத் தள்ளப்பட்டனர், பலர் விலகினர். நிலைத்து நின்றோரும் உளர். மருத்துவமனைக் கடைநிலை உதவியாளராயிருந்து ஃப்ரீடம் ஹவுஸில் சேர்ந்த ஜான் மூன், அந்நகராட்சிச் சேவையின் துணைத் தலைவராக உயர்ந்து 2009இல் ஓய்வு பெற்றார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. அறிவும் திறமையும் பிறப்பால் வருவன அல்ல. வாய்ப்பும் முறையான பயிற்சியும் கிட்டின் எவரும் உயிர் காக்கும் கலையில் தேர்ச்சி பெறுவர். இது முதலாவது. திறமை மட்டும் போதாது. நிதியை வகுக்கும் இடத்திலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இடத்திலும் தேர்வு விதிகளை எழுதும் இடத்திலும் நம்மவர் அமர்ந்திருத்தல் வேண்டும். இன்றேல் வளர்த்த பயிரைப் பிறர் அறுத்துச் செல்வர். இது இரண்டாவது.

தமிழகத்தில் 108 ஊர்திகள் 2008 முதல் ஓடுகின்றன. அவசர மருத்துவம் 2009இல் இந்தியாவில் தனிப் பட்டமேற்படிப்பாக ஏற்கப்பட்டது. நம் இளைஞர் அவ்வூர்திகளில் பணிபுரிவதோடு அமையாது, அப்பட்டங்களைப் பெறுவதற்கும் அத்துறையை நிருவகிப்பதற்கும் முயலல் வேண்டும். அதற்கு வழிகாட்டுவதே கல்விக் கழகங்களின் கடமை. அடுத்த 25 ஆண்டுகளில் நாம் ஆற்ற வேண்டிய பணியும் அதுவேயாகும்.