ஊரை அலகாகக் கொண்ட எல்லை



நம் மூத்த தோழரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு மாநில எல்லைத் தகராறைத் தலைப்பாக எடுத்தேன் என்றதும், "சேரிக்கும் எல்லைக்கும் என்ன அக்கா சம்பந்தம்?" என்று ஒரு தம்பி கேட்டார். என் அத்தை வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

அத்தையை நகரிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாமா இறந்ததும் கைப்பிள்ளையோடு திருவண்ணாமலைக்கே திரும்பிவிட்டார். பையன் இங்கேதான் பன்னிரண்டாவது முடித்தான். கல்லூரிக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "அப்பா ஆந்திரா. அங்கே போய் வாங்குங்க" என்றார்கள். வாங்கி வந்தோம். "இது இங்கே இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது" என்றார்கள். நகரியிலிருந்து திருத்தணிக்குப் பேருந்தில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் சாதி அவனோடு கூடவே வந்துவிட்டது, உரிமை மட்டும் இறங்கிக்கொண்டது.

சட்டப்படி இதற்குக் காரணம் இருக்கிறது. அரசமைப்பின் 341ஆவது பிரிவின்கீழ் பட்டியல் சாதிகள் மாநிலவாரியாக அறிவிக்கப்படுகின்றன. ஒரு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர் இன்னொரு மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவில் அந்தக் கோட்டைப் போட்டது யார்?

1911க்கு முன் சித்தூர்தான் வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். அந்த ஆண்டு காலனி அரசு வடஆற்காட்டின் வடபகுதியைப் பிரித்து, கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளிப் பகுதியையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கியது. இதே மாற்றத்தில்தான் தென்ஆற்காட்டிலிருந்த நம் திருவண்ணாமலை தாலுகா வடஆற்காட்டுக்கு வந்தது. எல்லாம் நிர்வாக வசதி. ஊரையும் கேட்கவில்லை, சேரியையும் கேட்கவில்லை. நாடு ஒரே மாகாணமாக இருந்தவரை இந்தக் கோடு யாரையும் உறுத்தவில்லை.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுதாக அந்தப் பக்கம் போனது. மாவட்டக் கோடு மாநிலக் கோடாயிற்று. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தியது. அந்த வரலாறு உங்களுக்குத் தெரியும், பாடப்புத்தகத்திலேயே வருகிறது. போராட்டத்துக்குப் பிறகு நடந்த சமரசத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட சமரசர் எச்.வி. படாஸ்கர். மராத்தியர். அண்ணல் அம்பேத்கர் 1951இல் பதவி விலகக் காரணமான இந்துச் சட்டத் தொகுப்பு பிறகு துண்டு துண்டாகச் சட்டமானபோது, சட்ட அமைச்சராக இருந்து அதை நாடாளுமன்றத்தில் நடத்திச் சென்றவர் இவர்தான். தீய எண்ணம் கொண்டவர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1957இல் அவர் எல்லை வகுத்த முறை எளிமையானது: கிராமம் அலகு, கிராமத்தில் பெரும்பான்மை பேசும் மொழி அளவுகோல், நிலத்தொடர்ச்சி விட்டுப்போகக் கூடாது. அதன்படி 1959இல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. சத்தியவேடு அப்படிப் போனதுதான். மாவட்டத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதைவிட இது நியாயமான முறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெல்காம் தகராறில் மகாராஷ்டிரம் இன்றும் இதே முறையைத்தான் கேட்கிறது.

ஆனால் 'கிராமம் அலகு' என்ற சொல்லில் நான் நின்றுவிடுகிறேன். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல், கிராமத்தை அலகாக ஏற்க மறுத்து, தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். கிராமம் என்றால் என்னவென்று அறிந்தவரின் மறுப்பு அது. ஒன்பதே ஆண்டுகளில், எல்லை என்று வந்ததும், கிராமம் மறுபடி அலகாகிவிட்டது. வருவாய்க் கிராமத்தின் வரைபடத்தில் ஊரும் சேரியும் ஒரே கோட்டுக்குள் இருக்கின்றன. நடுவிலுள்ள எல்லைக்குச் சர்வே கல் கிடையாது, எல்லோருக்கும் தெரியும்.

மொழிக் கணக்கு எடுத்தபோது மட்டும் சேரி கணக்கில் வந்தது. தமிழ் பேசிய பறையர் தமிழுக்கு ஓர் எண். தெலுங்கு பேசிய அருந்ததியர் தெலுங்குக்கு ஓர் எண். ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்த முடியாதவர்களின் தலைகளும் சேர்ந்துதான் 'இந்த ஊர் தமிழ் ஊர்', 'இந்த ஊர் தெலுங்கு ஊர்' என்ற பெரும்பான்மை உருவானது. சமரசத்தில் தரப்பினர் என்று இருந்தவை இரண்டு அரசுகள். கோட்டுக்கு அந்தப் பக்கம் போகும் சேரிக்காரருக்கு நிலம், பட்டியல், சான்றிதழ் என்ன ஆகும் என்பது சமரசரின் மூன்று அளவுகோலில் எதிலும் அடங்காது.

மொழிவழி மாநிலம் பற்றி அண்ணல் 1955இல் எழுதிய நூலில் எச்சரித்ததும் இதைத்தான். மொழிவாரி மாநிலத்தில் நிலம் வைத்திருக்கும் பெரிய சாதியே ஆளும் சாதியாகும், சிதறிக் கிடக்கும் சிறு சமூகங்களுக்குப் பாதுகாப்பு தேவை என்றார். மொழிவழி மாநிலமே கூடாது என்றல்ல. அவரை அப்படித் திரிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொன்று. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவின் முதலமைச்சர் தாமோதரம் சஞ்சீவய்யா, இந்தியாவின் முதல் தலித் முதலமைச்சர். இந்தப் பக்கம் காமராஜர் அமைச்சரவையில் கக்கன் இருந்தார். கோட்டின் இரு கரையிலும் நம்மவர்கள்! ஆனால் அவர்கள் கைக்கு வரும்போது கோடு எழுதி முடிந்திருந்தது.

வடக்கெல்லைப் போராட்டத் தியாகிகளின் பெயர்கள் பட்டியலாக இருக்கின்றன. எல்லைச் சேரிகளின் கதை பட்டியலில் இல்லை. பள்ளிப்பட்டிலும் நகரியிலும் சத்தியவேட்டிலும் 1960ஐ நினைவில் வைத்திருக்கும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்கள் அவர்களிடம் போய் உட்காருங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்தத் தாலுகா ஆபீசில் எந்த நிலத்தின் பதிவேடு எந்தப் பக்கம் போனது என்று கேளுங்கள். அவர்கள் தேதி சொல்லமாட்டார்கள், மழை சொல்வார்கள், திருவிழா சொல்வார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அத்தை மகன் பொதுப்பிரிவில் முழுக் கட்டணம் கட்டிச் சேர்ந்தான். முதல் பருவத்துக்கு அத்தை தாலிக்கொடியை அடகு வைத்தார். இரண்டாம் பருவத்துக்குச் சீட்டுப் பணம் எடுத்தோம். மூன்றாம் பருவம் அடுத்த மாதம் தொடங்குகிறது.