தாயினோ மொழி ஸ்பானியத்திற்கு ஈந்த சொற்கள்

1492ஆம் ஆண்டு அக்டோபரில் கொலம்பஸின் கப்பல்கள் கரிபியத் தீவுகளை அடைந்தபோது, பஹாமாஸ், கியூபா, ஹிஸ்பானியோலா, புவேர்ட்டோ ரிக்கோ, ஜமைக்கா ஆகியவற்றின் குடிகளுள் பெரும்பாலோர் அரவாக் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த தாயினோ மொழியைப் பேசினர். அமெரிக்க மண்ணில் ஸ்பானியர் முதலில் கேட்ட மொழி இதுவே என்பதால், அங்கு புதிதாகக் கண்டவற்றுள் பலவற்றுக்கு அவர்கள் இதிலிருந்தே பெயர் பெற்றனர்.

மரத்தைக் குடைந்து செய்த படகைக் கொலம்பஸ் தொடக்கத்தில் 'அல்மதியா' என்னும் பழைய சொல்லால் குறித்தாலும், சில நாள்களிலேயே 'கனோவா' என்னும் தாயினோச் சொல்லை மேற்கொண்டார். 1495ஆம் ஆண்டளவில் நெப்ரிஹா வெளியிட்ட ஸ்பானிய-இலத்தீன் அகராதியிலும் அது இடம்பெற்றுவிட்டது. தொங்கு படுக்கையான 'அமாக்கா', பெரும்புயலான 'உராக்கான்', மரவள்ளியான 'யூக்கா', அக்கிழங்கைத் துருவி நச்சுச் சாற்றைப் பிழிந்தகற்றிச் சுடும் அப்பமான 'கசாபே' ஆகியனவும் அவ்வாறே வந்து சேர்ந்தன. நெடுநாள் கெடாத அந்த அப்பமே பெருநிலப் படையெடுப்புகளுக்குக் கட்டுச்சோறாயிற்று.

தீவுகளில் பழகிய ஸ்பானியர் மெக்சிகோவுக்கும் பெருவுக்கும் சென்றபோது, அச்சொற்களையும் உடன் கொண்டு சென்றனர். மக்காச்சோளத்திற்கு மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலும் பெருவின் கெச்சுவா மொழியிலும் தனிப்பெயர்கள் இருந்தும், 'மாயிஸ்' என்னும் தீவுச் சொல்லே ஸ்பானியத்தில் நிலைத்தது. மிளகாய்க்குப் பெருவில் 'அஹி' என்னும் தாயினோப் பெயர் வேரூன்ற, மெக்சிகோவிலோ நாவாட்டில் வழிவந்த 'சிலே' நீடித்தது. தாயினோத் தலைவனைக் குறித்த 'கசீக்கே', பெருநிலத்துக் குடித்தலைவர் அனைவருக்கும் ஆட்சிச் சொல்லாயிற்று. கரிபியப் பகுதியில் தோன்றிய 'பப்பாயா' கடல் கடந்து தமிழில் பப்பாளி ஆனதும் இதே பரவலின் தொடர்ச்சியாகும்.

சொற்கள் இவ்வாறு பரவிய காலத்திலேயே அவற்றைத் தந்த மக்கள் அழிவுக்கு உள்ளாயினர். பழங்குடியினரின் உழைப்பைக் குடியேறிகளுக்குப் பங்கிட்டளித்த 'எங்கோமியெந்தா' முறையும், தங்கச் சுரங்க வேலையும், பட்டினியும், 1518இல் ஹிஸ்பானியோலாவில் பரவிய பெரியம்மையும் அவர்களது சமுதாயத்தைச் சிதைத்தமையால், மொழியும் காலப்போக்கில் வழக்கொழிந்தது. அவர்களுடைய சமய நம்பிக்கைகளைத் துறவி ரமோன் பானே பதிவு செய்திருப்பினும், மொழிக்கு முழு இலக்கணம் எழுதிவைத்தவர் எவருமில்லை. ஆகவே இச்சொற்களை ஸ்பானியத்தின் அணிகலன்களாக மட்டும் எண்ணுவது முறையன்று. கடலையும் பயிரையும் நுணுகி அறிந்திருந்த ஒரு மக்களின் அறிவுக்குச் சான்றுகளாகவே அவை மதிக்கப்படல் வேண்டும்.