முகமூடியும் சிரித்த முகமும்

நள்ளிரவிலே மாறுவேடம் பூண்டு நகர்சோதனைக்குப் புறப்படும் மன்னனின் கதையைக் கேளாத தமிழ்ச் சிறுவர் இலர். குடிகளின் குறையைத் தன் கண்ணாலே கண்டு, கள்வரைத் தன் கையாலே ஒறுத்து, விடியுமுன் அரண்மனைக்கு மீண்டுவிடுவான் அம்மன்னன். மறுநாட் காலையில் வரியும் குறைவதில்லை, நிலமும் கைமாறுவதில்லை. ஆயினும், நீதி நிலைபெற்றுவிட்டது என்ற மனநிறைவுடன் கதை முடியும். மன்னராட்சி மறைந்த பின்னரும் இக்கதை மறைந்துவிடவில்லை. முடியரசு இல்லாத அமெரிக்காவிலே அது புதிய கோலம் பூண்டது. 'பட்மன்' என்னும் வௌவால் மனிதனின் கதை அதுவேயாகும்.

1939ஆம் ஆண்டு மே மாதத்திற்குரிய சித்திரக்கதைச் சஞ்சிகை ஒன்றிலே தோன்றிய இவ்வீரன், பகலிலே புரூஸ் வெய்ன் எனும் பெருஞ் செல்வன். இரவிலே கரிய முகமூடி அணிந்து கோதம் என்ற கற்பனை நகரின் குற்றவாளிகளை வேட்டையாடுபவன். அவனுடைய எதிரிகளோ கண்ணைப் பறிக்கும் கோலத்தினர்: வெளுத்த முகமும் பச்சைத் தலைமயிருமாய்ச் சிரிக்கும் ஜோக்கர், நீண்ட தொப்பியும் குடையுமாய் வரும் பெங்குவின், புதிர் போட்டுவிட்டுத் திருடும் ரிட்லர், பாதி முகம் வெந்துபோன இருமுகன். சித்திரக்கதையிலிருந்து வெள்ளித்திரைக்கு வந்த இப்பாத்திரங்கள் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் கோடிக்கணக்கானோரின் கற்பனையை ஆண்டு வந்திருக்கின்றன. சிறுவர் விளையாட்டென்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், செல்வனுக்கு முகமூடி எவ்வாறு வந்தது, குற்றவாளிக்குச் சிரித்த முகம் எவ்வாறு வந்தது என்ற இரு வினாக்களையும் வரலாற்றின் துணைகொண்டு நோக்கின், விளையாட்டுக்குப் பின்னே வர்க்க உறவுகளின் நிழல் தெரியக் காணலாம்.

முதலில் முகமூடியை எடுத்துக்கொள்வோம். 1905ஆம் ஆண்டிலே ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு நாவல்கள் வெளிவந்தன. ஒன்று, ஓர்சி சீமாட்டி இங்கிலாந்திலே வெளியிட்ட 'ஸ்காலட் பிம்பர்னல்'. அங்கேரி நாட்டு நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர் இவர். விவசாயிகளின் கிளர்ச்சிக்கு அஞ்சி அக்குடும்பம் பண்ணையை விட்டு நீங்கியது. அவர் படைத்த வீரன், பகலிலே வெறும் பகட்டனாகத் தோன்றும் ஓர் ஆங்கிலப் பிரபு. மறைவிலே அவன் செய்யும் அருஞ்செயல் யாது? பிரெஞ்சுப் புரட்சியின் கொலைக்களத்திலிருந்து பிரபுக்களை மீட்பதே. மற்றொன்று, அமெரிக்கத் தென்மாநிலத்தவரான தோமஸ் டிக்சனின் 'கிளான்ஸ்மன்'. விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் பயங்கரத்தால் அடக்கி ஒடுக்கிய கூ குளக்ஸ் கிளான் கூட்டத்தாரை வீரர்களாகப் போற்றியது அந்நூல். அதனைத் தழுவி 1915இல் டி. டபிள்யூ. கிரிபித் எடுத்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் திரைப்படத்தில், முகத்தை மறைத்துக் குதிரையேறி வரும் அக்கூட்டம் மீட்பராகக் காட்சியளித்தது. அவ்வாண்டிலேயே ஜோர்ஜியா மாநிலத்துக் குன்றொன்றிலே கிளான் இயக்கம் மீண்டும் தொடக்கப்பட்டது.

இவ்விரண்டையும் நோக்க, 1919இல் ஜோன்ஸ்ரன் மக்கலி எழுதிய கதையினின்று பிறந்த 'சொரோ' எவ்வளவோ மேலானவன். ஸ்பானியர் ஆண்ட கலிபோர்னியாவில் கொடிய ஆளுநருக்கு எதிராக வாளேந்துபவன் அவன். எனினும், அவனும் பெருநிலக்கிழாரின் மகனே. 1920இல் டக்ளஸ் பெயர்பாங்ஸ் நடித்த சொரோ திரைப்படம் பட்மனின் மூலங்களுள் ஒன்று என்பது யாவரும் ஒப்பும் செய்தி. இவ்வாறாக, பட்மன் தோன்றுமுன்னரே இரட்டை வாழ்வு வாழும் முகமூடி வீரன் செல்வக் குடியின் சொத்தாகிவிட்டிருந்தான். சட்டம் தவறுமிடத்தே ஏழை கைநீட்டினால் அது குற்றம். செல்வன் முகத்தை மறைத்துக்கொண்டு கைநீட்டினால் அது வீரம்!

இனி, சிரித்த முகத்தின் வரலாற்றுக்கு வருவோம். மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியை எதிர்த்து நாடு துறந்து வாழ்ந்த விக்டர் ஹியூகோ, 1869இல் 'சிரிக்கும் மனிதன்' என்ற நாவலை வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலே தொடங்குகிறது கதை. குடியரசுக் கொள்கையினின்றும் பிறழாத ஒரு பிரபுவைப் பழிவாங்கும்பொருட்டு, அரசன் இரண்டாம் ஜேம்ஸின் ஆணைப்படி அவருடைய குழந்தை விற்கப்படுகிறது. வாங்கியவர்கள், குழந்தைகளின் உடலைச் சிதைத்து வேடிக்கைப் பொருளாக்கும் கூட்டத்தினர். அவர்கள் அக்குழந்தையின் வாயைக் கீறி, என்றும் மாறாத சிரிப்பை அம்முகத்திலே செதுக்கிவிடுகின்றனர். குவின்பிளேன் என்ற அச்சிறுவன் ஊரூராய்த் திரியும் ஏழைக் கூத்தாடி ஒருவனிடத்தே வளர்கிறான். சந்தைகளிலே அவன் முகத்தைக் கண்டு மக்கள் நகைக்கின்றனர். அந்நகைப்பே அவனுக்குச் சோறு போடுகிறது.

பிற்காலத்தில் அவனுடைய பிறப்பு வெளிப்பட்டுப் பிரபுக்கள் சபையிலே அவனுக்கு இடம் கிடைக்கிறது. தான் கண்ட பசியையும் குளிரையும் பற்றி, அடித்தளத்திலே நசுங்கும் மக்களைப் பற்றி, அவன் அச்சபையிலே முழங்குகிறான். பிரபுக்களோ வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். பேசுபவனின் முகம் சிரித்துக்கொண்டிருக்கிறதே! ஹியூகோவின் கலைநெஞ்சம் இக்காட்சியிலே சிகரம் தொடுகிறது எனலாம். சிதைக்கப்பட்ட மக்களின் முகமே அது; சிதைத்தவர்களே அதைக் கண்டு சிரிக்கின்றனர். குவின்பிளேனின் முகம் பிரபுத்துவத்தின் மீது எழுதப்பட்ட ஒரு குற்றப்பத்திரிகை.

1928இல் அமெரிக்காவின் யுனிவேர்சல் நிறுவனம் இந்நாவலைப் படமாக்கியது. ஜேர்மனியிலிருந்து வந்த போல் லெனி நெறிப்படுத்த, அந்நாட்டு நடிகர் கொன்ராட் ஃபைட் குவின்பிளேனாக நடித்தார். பற்கள் தெரிய உறைந்த சிரிப்பும் துயரம் ததும்பும் கண்களுமாய் அவர் நின்ற தோற்றத்தின் நிழற்படமொன்று, பன்னிரண்டு ஆண்டுகளின் பின் நியூயோர்க்கிலே சித்திரக்கதை எழுதிய இளைஞர்களின் கைக்கு வந்தது. சீட்டுக்கட்டின் கோமாளிச் சீட்டும் அந்நிழற்படமும் சேர்ந்து 1940ஆம் ஆண்டு வசந்தகாலத்திலே ஜோக்கர் பிறந்தான். அவனைப் படைத்ததில் யாருக்கு எவ்வளவு பங்கென்பதில் பொப் கேன், பில் பிங்கர், ஜெரி ரொபின்சன் ஆகிய மூவரிடையே பிணக்கு உண்டு. முகம் ஃபைட்டினுடையது என்பதில் ஐயமில்லை. பிரபுக்களாற் சிதைக்கப்பட்டவனின் முகம் கொலைகாரனுக்குச் சென்றது, செல்வனோ நீதிமானானான். குற்றப்பத்திரிகை தலைகீழாக்கப்பட்டது.

இதனை அவ்விளைஞர்களின் சதியென்று கருதுதல் தவறு. கேனும் பிங்கரும் யூதக் குடும்பங்களிற் பிறந்து, நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியிலே வளர்ந்தவர்கள். 1933 அளவில் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தனர். அக்காலத்திலே பிங்கர் சப்பாத்து விற்றுப் பிழைத்தவர். அவர் எழுதிய முதற் பட்மன் கதையிலே கொலைகாரன் யார் தெரியுமா? இரசாயனக் கம்பனியைத் தானொருவனே அடைய விரும்பி, பங்காளிகளுக்குக் கொடுக்கவேண்டிய பணத்தைக் கொடாது அவர்களையே கொல்விக்கும் முதலாளி! பட்டினிக்காலத்து இளைஞனின் கோபம் அங்கே தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அவ்வாண்டு முடியுமுன்னரே, தெருக்கள்வன் ஒருவன் பெற்றோரைச் சுட்டுக் கொன்றமையாலேயே வெய்ன் முகமூடி அணிந்தான் என்ற பிறப்புக்கதை சேர்க்கப்பட்டது. கம்பனி முதலாளி பின்னகர்ந்தான். தெருவிலே திரியும் வறியவன் முதற் பகைவனானான்.

நீதி பேசிய இக்கதையின் பிறப்பிலேயே ஓர் அநீதி இருந்தது. வீரனின் உடையையும் இயற்பெயரையும் நகரின் பெயரையும் முதற்கதையையும் தந்தவர் பிங்கர். ஆயினும், ஓவியர் கேன் வெளியீட்டு நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கேனின் பெயர் மாத்திரமே அச்சேறியது. 1974இல் பிங்கர் வறுமையிலே மறைந்தார். 1989இல் வெளிவந்த தம் சுயசரிதையிலே கேன் அவருடைய பங்கை ஒப்புக்கொண்டார். நிறுவனம் ஒப்புக்கொண்டதோ 2015இலேதான். முகமூடி அணிந்தவன் வெய்ன் மாத்திரமல்லன். உழைத்தவனின் முகத்தின் மீதும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு முகமூடி கிடந்தது.

போர்க்காலம் வந்தது. 1943இல் கொலம்பியா நிறுவனம் பதினைந்து பகுதிகளாக வெளியிட்ட தொடர்படமே பட்மனின் முதல் திரைப் பிரவேசம். அதிலே அவன் தனித்து இயங்குபவனல்லன். அமெரிக்க அரசின் இரகசிய ஊழியன். வில்லன் டாக்டர் டாக்கா எனும் யப்பானியன். அவ்வேடம் தாங்கியவரோ ஐரிஷ் வழிவந்த ஒரு வெள்ளையர். 1942 பெப்ரவரியில் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக ஏறத்தாழ 1,20,000 யப்பானிய வமிசத்தினர் முகாம்களிலே அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். வெறிச்சோடிய அவர்களது தெருவைக் காட்டி, அவ்வாறு அகற்றியது விவேகமான செயலென்று புகழ்ந்தது அப்படத்தின் பின்னணிக் குரல். வில்லனின் ஒப்பனை ஒரு மக்கட் பிரிவினரின் மேனிநிறமாக மாறும்போது விளையாட்டு எத்துணை எளிதாகக் கொடுமைக்குத் துணைபோகிறது என்பதை இது காட்டும்.

போர் முடிந்தபின் இக்கதைகளைக் கண்டித்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் பிரெடெரிக் வேர்த்தம். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிலே, கறுப்பின மக்களுக்காக 1946இல் ஒரு மனநல மருத்துவ நிலையத்தை நிறுவியவர் அவர். நாவலாசிரியர் ரிச்சட் ரைட்டின் துணையோடு எழுந்த அந்நிலையத்தில் கட்டணம் 25 சதமே. கார்ல் மார்க்ஸின் மருகர் போல் லபார்க்கின் பெயரையே அது தாங்கியிருந்தது. ஆயின், 1954இல் அவர் வெளியிட்ட நூல் முற்போக்காளருக்கு ஓர் எச்சரிக்கையாகவே நிற்கிறது. அவருடைய சான்றுகளிற் சில திரிக்கப்பட்டவை என்பது பின்னாளில் வெளிப்பட்டது. அதனினும் முக்கியமானது அந்நூல் எழுப்பிய கூச்சலின் பயன். அதே ஆண்டிலே பதிப்பாளர்கள் ஏற்படுத்திக்கொண்ட தணிக்கை விதிகள், பொலிசாரையும் நீதிபதிகளையும் அரசாங்க அதிகாரிகளையும் மதிப்புக் குன்றும்படி சித்திரிக்கலாகாதென விதித்தன. மக்கள் நலன் கருதி எழுப்பிய குரல் அதிகாரத்தின் காவலாக முடிந்தது. கலையைத் தடைசெய்வதனாற் கலை திருந்துவதில்லை.

1966இன் தொலைக்காட்சித் தொடர் யாவற்றையும் கேலிக்கூத்தாக்கியது. முகமூடி மீண்டும் கருமை கொண்டது 1989இல், ரிம் பேர்ட்டனின் திரைப்படத்திலேயாகும். ஜாக் நிக்கல்சன் நடித்த ஜோக்கர், ஊர்வலத்திலே நின்று நகர மக்களுக்குப் பணத்தாள்களை வாரி இறைக்கிறான். முண்டியடித்துப் பொறுக்கும் கூட்டத்தின் மீது நச்சுப்புகையைத் திறந்துவிடுகிறான். மயிர்க்கூச்செறியும் காட்சிதான். எனினும், கோதம் மக்களைப் பற்றி அக்காட்சி நமக்குச் சொல்வதென்ன? மக்கள் பேராசைக் கூட்டம். தாமாக ஏதும் செய்யவொண்ணாதவர். மேலிருந்து ஒருவன் பறந்து வந்தாலன்றி அவர்களுக்கு உய்தியில்லை. ஏமாற்றப்படுவோராக அன்றி வேறெவ்வாறும் மக்கள் அங்கே தோன்றுவதில்லை.

2012இல் கிறிஸ்தோபர் நோலன் எடுத்த மூன்றாவது படத்திலே இக்கருத்து வெளிப்படையாயிற்று. பேன் என்னும் வில்லன் பங்குச்சந்தையைத் தாக்குகிறான். நகரை மக்களிடமே ஒப்படைப்பதாக முழங்குகிறான். செல்வரை விசாரிக்கப் போலி நீதிமன்றம் கூடுகிறது. இவை யாவும் நகரை அணுகுண்டால் அழிக்கும் திட்டத்தை மறைக்கும் திரையென்பது பின்னர் தெரியவருகிறது. டிக்கன்ஸின் பிரெஞ்சுப் புரட்சி நாவலாகிய 'இரு நகரங்களின் கதை' இப்படத்திற்குத் தூண்டுகோல் என்று படைத்தோரே கூறியுள்ளனர். 1905இலே பிரபு எவ்வச்சத்தினால் மாறுவேடம் பூண்டானோ, அதே அச்சம் நூறாண்டு கடந்தும் அதே புரட்சியின் நினைவிலேயே வந்து நிற்கிறது.

ஆயினும், கலைப்பொருளின் பொருளைப் படைத்தோர் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. 2019இல் ரொட் பிலிப்ஸ் 'ஜோக்கர்' என்ற படத்தை எடுத்தார். அதிலே சிரிப்பு ஒரு நோய். நகரசபை பணத்தை வெட்டியதால் மருந்தும் கவனிப்பும் இழந்த ஓர் ஏழைக் கோமாளியின் நோய். செல்வர் தோமஸ் வெய்ன் தம்மைப்போல் உயராதவர்களைக் கோமாளிகளென இகழ்கிறார். குவின்பிளேனைக் கண்டு நகைத்த பிரபுக்கள் சபையை எவரால் நினையாதிருக்க முடியும்? அவ்வாண்டு ஒக்ரோபரில், வாட்ஸ்அப் அழைப்புகளுக்கு வரி விதிக்க முயன்ற அரசை எதிர்த்து லெபனானின் பெய்ரூட் நகரிலும், சுரங்க ரயிற் கட்டண உயர்வை எதிர்த்துச் சிலி நாட்டின் சந்தியாகோவிலும் மக்கள் திரண்டபோது, சிலர் ஜோக்கரின் முகத்தைத் தம் முகத்திலே தீட்டிக்கொண்டு வந்தனர்.

ஆனால், இதனைக் கண்டு அளவிறந்து மகிழ்வதற்கும் இடமில்லை. அப்படத்தின் கோமாளிக்குத் தோழமை இல்லை, கொள்கை இல்லை. கையிலே துப்பாக்கி மாத்திரமே உண்டு. ஹியூகோவின் குவின்பிளேன் சபையிலே நின்று பிறருக்காகப் பேசினான். பிலிப்ஸின் கோமாளி தனக்காகச் சுட்டான். துயரம் திரும்பி வந்தது. பேச்சு திரும்பி வரவில்லை. பெய்ரூட்டின் மக்களே அப்பேச்சைச் சேர்த்தனர். தனியொருவனின் பித்தாக இருந்ததை அவர்கள் கூட்டுக் கோரிக்கையாக மாற்றினர்.

நம் மாணவர் இப்படங்களைப் பார்க்கின்றனர், இனியும் பார்ப்பர். பார்க்காதே என்று தடுப்பது வேர்த்தம் சென்ற வழி; அதன் முடிவைக் கண்டோம். நீதி வேண்டும் என்ற தாகமே அவர்களைத் திரையின் முன் இருத்துகிறது, அத்தாகம் மதிக்கத்தக்கது. ஆசிரியர் செய்யவேண்டியது, அவர்களோடு அமர்ந்து சில வினாக்களை எழுப்புவதே. இவ்வீரனின் செல்வம் எங்கிருந்து வந்தது? இந்நகரிலே குற்றம் ஏன் ஓய்வதில்லை? வகுப்பிலே குவின்பிளேனின் கதையையும் பிங்கரின் கதையையும் சொல்லுவோமாக. அவ்விரு கதைகளையும் அறிந்த மாணவன், அடுத்த முறை ஜோக்கர் திரையிலே சிரிக்கும்போது, அவ்வாயைக் கீறியவர் யாரென்று கேட்பான்.