துணி கட்டினா சீக்கிரம் பழகிடுமா?

“துணி கட்டினா ஈரம் உறைக்கும், ஒன்றரை வயசுல குழந்தை தானா சொல்லிடும்.” இதை நம்பித் துணி டயப்பர் வாங்கி, மூணு வயசு நெருங்கியும் தினம் ஒரு பக்கெட் துவைக்கிறவங்க, ‘நம்ம வளர்ப்புதான் சரியில்லையோ’ன்னு நொந்துக்கறாங்க. அவங்களுக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு கதை.

1930களில் அந்நாட்டு அரசே வெளியிட்ட ‘இன்ஃபன்ட் கேர்’ கையேடு, சில மாதக் குழந்தையையே நேரம் பார்த்து மலம் கழிக்கப் பழக்கச் சொன்னது. ஏன் அவ்வளவு அவசரம்? கையால துவைக்கிற வீட்டில் ஒரு துணி குறைஞ்சாலும் லாபம்தானே! பிறகு வாஷிங் மெஷின் பரவியது. அழுக்குத் துணியை வாங்கிட்டுப் போய் வெளுத்துத் தர டயப்பர் சர்வீஸ் வண்டிகூட வந்தது.

1962இல் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் ஓர் ஆய்வு வெளியிட்டார். 1951 முதல் பத்து வருஷம் அவர் பார்த்த 1,170 குழந்தைகள். அதட்டாம, குழந்தை தயாரான பிறகு பழக்குங்கன்னு சொல்லியிருந்தார். பகலில் நனைக்காம இருந்த சராசரி வயசு 28 மாதத்துக்கு மேல், இரவில் 33. பேம்பர்ஸ் சந்தைக்கு வந்ததே 1961இல்தாங்க! அப்போ இவங்க பெரும்பாலும் துணி கட்டின குழந்தைகள்.

1998இல் இதே பிரேசல்டன், பெரிய குழந்தைகளுக்கான ஆறாம் சைஸ் பேம்பர்ஸ் விளம்பரத்தில் தோன்றினார். காசுக்காகப் பேசறார்னு விமர்சனம் கிளம்பியது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா அவரோட 28 மாதக் கணக்கு, அந்த விளம்பரத்துக்கு 36 வருஷம் முந்தினது.