பாடல் இணைப்பு (டி.ஜே. கலை)

பாடல் இணைப்பு என்பது, ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு பாடலில் இருந்து அடுத்த பாடலுக்கு, ஆடுவோரின் கால்கள் தடுமாறாத வகையில் இசையை நகர்த்தும் செயல் ஆகும். இசைத்தட்டுகளையோ எண்ணிமக் கோப்புகளையோ கொண்டு ஒரு கூட்டத்துக்கு இசை வழங்குபவர் டிஸ்க் ஜாக்கி அல்லது சுருக்கமாக டி.ஜே. எனப்படுகிறார். அவரது பணியில் முதன்மையானது பாடல் தேர்வு. அதற்கு அடுத்தது இணைப்பு.

புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் இரு பாடல்களின் வேகத்தைச் சமப்படுத்துவதையே இணைப்பு எனக் கருதுகின்றனர். வேகப் பொருத்தம் இதில் ஒரு பகுதி மட்டுமே; அதனை இன்றைய கருவிகள் தாமாகவே செய்துவிடுகின்றன. கேட்போருக்கு உறுத்தலாகத் தோன்றும் பிழைகளில் பல, வேகம் சரியாக இருந்தும் இசைத்தொடரின் எல்லை, தாழொலி, சுருதி ஆகியவை பொருந்தாமையால் எழுபவை.

வரலாறு

1960களின் இறுதி வரை நடனக்கூடங்களில் ஒரு தட்டு முடிந்த பின் அடுத்த தட்டை ஒலிக்கச்செய்வதே பொது வழக்கமாக இருந்தது. இடையில் விழும் அமைதியில் ஆடுவோர் களத்தை விட்டு விலகிவிடுவர். இந்த இடைவெளியை மூடியவர்களுள் முன்னோடியாக நியூயார்க்கின் பிரான்சிஸ் கிராசோ குறிப்பிடப்படுகிறார். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், முன்பு தேவாலயமாக இருந்த கட்டடத்தில் இயங்கிய சாங்ச்சுவரி என்னும் கூடத்தில் இவர் பணிபுரிந்தார். சுழலும் தட்டுமேடையின் மீது வழுக்கும் விரிப்பொன்றை இட்டு, அதன் மேலுள்ள இசைத்தட்டை விரலால் நிறுத்திப் பிடித்து, சரியான அடியில் விடுவிக்கும் முறையை இவர் கையாண்டார். லெட் செப்பெலின் குழுவின் 'ஹோல் லாட்டா லவ்' பாடலின் குரற்பகுதியை, சிகாகோ குழுவின் 'ஐம் எ மேன்' பாடலின் தாளப் பகுதியின் மேல் இவர் இட்டு ஒலிக்கச்செய்தது இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. அக்காலத் தட்டுகளில் முரசு வாசித்தவர்கள் மனிதர்கள். பாட்டின் நடுவிலேயே வேகம் கூடும், குறையும். எனவே இணைப்பு நீடிக்கும் நேரம் முழுவதும் கையாலேயே திருத்தியபடி இருக்கவேண்டியிருந்தது.

பிராங்க்ஸ் பகுதியில் வேறொரு மரபு வளர்ந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தில் நடந்த விருந்தில் இசை வழங்கிய கூல் ஹெர்க், ஒரே தட்டின் இரு படிகளைக் கொண்டு முரசு மட்டும் ஒலிக்கும் பகுதியை நீட்டிக்கும் முறைக்காக அறியப்படுகிறார். மின்னணுவியல் படித்த கிராண்ட்மாஸ்டர் பிளாஷ், தட்டின் மேல் மெழுகுக்கோலால் குறியிட்டு அதே இடத்துக்குத் துல்லியமாகத் திரும்பும் முறையை உருவாக்கினார். ஹிப் ஹாப் இசையின் வெட்டு இணைப்புகள் இம்மரபில் வந்தவை.

கருவிகளும் தட்டுகளும் இக்கலைக்கு ஏற்ப மாறின. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1972இல் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இயக்கியையும், 1979இல் அதன் இரண்டாம் வடிவையும் வெளியிட்டது. பின்னதில் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ உதவும் நகர்த்தி இருந்தது. 2010இல் நிறுத்தப்பட்ட இவ்வரிசையின் உற்பத்தி 2016இல் மீண்டும் தொடங்கியது. சால்சோல் நிறுவனம் 1976இல் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பர்சென்ட்' பாடலை 12 அங்குலத் தட்டில் விற்பனைக்கு விட்டது. இவ்வகைத் தட்டுகளில் பாடலின் முன்னும் பின்னும் தாளம் மட்டும் நெடுநேரம் ஒலிக்க இடம் கிடைத்தது. அந்த நீண்ட தாளப் பகுதிகளே இன்றும் இணைப்பு நிகழும் இடங்கள். பயனியர் நிறுவனத்தின் சிடிஜே-500 1994இலும், சிடிஜே-1000 2001இலும் வந்தன. அதன் பின் கணினி மென்பொருட்கள் பரவின.

வேகப் பொருத்தம்

பாடலின் வேகம், ஒரு நிமிடத்தில் விழும் அடிகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. இது பிபிஎம் எனப்படும். 120 பிபிஎம் பாடலில் இரு அடிகளுக்கு இடையே சரியாக அரை நொடி உள்ளது. அடுத்த பாடல் 120.2 பிபிஎம் வேகத்தில் ஓடினால், ஒரு நிமிடத்தில் அது ஐந்தில் ஒரு அடி, அதாவது 100 மில்லிநொடி முந்திச்சென்றுவிடும். பயின்ற காதுக்கு ஏறத்தாழ 30 மில்லிநொடி விலகலிலேயே ஓரடி ஈரடியாகக் கேட்கத் தொடங்கும். அந்நிலைக்கு 18 நொடிகளே போதும். விலகல் பெருகும்போது எழும் ஓசை குதிரைக் குளம்பொலியை ஒத்திருக்கும். கூட்டம் ஆட்டத்தை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பது அப்போதுதான்.

செவியால் பொருத்துவோர், வரவிருக்கும் பாடலைக் காதணி ஒலிப்பானில் மட்டும் கேட்டு, முதல் அடியில் நிறுத்தி வைத்து, ஒலிக்கும் பாடலின் முதல் அடியோடு விடுவிப்பர். விலகல் தெரிந்ததும் தட்டின் விளிம்பைத் தொட்டுத் தள்ளியோ தடுத்தோ அடியைச் சேர்ப்பர். பின் நகர்த்தியைச் சிறிது மாற்றுவர். தொடக்கத்தில் உள்ள இடர், விலகல் தெரிந்தாலும் எந்தப் பாடல் விரைவானது என்பது தெரியாமையே. வரும் பாடலை வேண்டுமென்றே தெளிவாக மெதுவாக்கிவிட்டு, அங்கிருந்து படிப்படியாக ஏற்றிவந்தால் திசை பற்றிய ஐயம் இராது.

இசைத்தொடரின் எல்லை

மேற்கத்திய நடன இசையில் நான்கு அடிகள் ஒரு பார் ஆகும். எட்டுப் பார்கள், அதாவது 32 அடிகள், பெரும்பாலும் ஓர் இசைத்தொடர். 128 பிபிஎம் வேகத்தில் இது சரியாக 15 நொடி நீளமுடையது. புதிய கருவி நுழைவது, குரல் தொடங்குவது, முரசு நிற்பது ஆகிய மாற்றங்கள் எல்லாம் இத்தொடர்களின் எல்லையில் நிகழ்கின்றன. இதனைப் படிக்காத செவியும் உணரும். ஆதி தாளத்தில் சமம் எங்கே விழும் எனத் தாளம் போடத் தெரியாதவரும் ஓரளவு எதிர்பார்ப்பதைப் போன்றது இது.

இரு பாடல்களின் அடிகள் மில்லிநொடி பிசகாமல் ஒத்திருந்தும், ஒன்று தன் தொடரின் முதற் பாரிலும் மற்றது ஐந்தாம் பாரிலும் இருக்கக்கூடும். அப்போது முதற்பாடல் ஓய்ந்து நான்கு பார்கள் கழித்தே இரண்டாம் பாடலின் முரசு எழும். அல்லது முதற்பாடலின் குரல் வரியின் நடுவில் இரண்டாம் பாடல் வெடித்து எழும். திரையில் இரு அலைவடிவங்களும் நேராகவே தெரியும். தொடக்க நிலையினர் தம் பதிவைக் கேட்டு, என்ன பிழை என அறியாது திகைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதற்கான தீர்வு எண்ணுதல். ஒலிக்கும் பாடலை ஒன்று முதல் 32 வரை எண்ணிக்கொண்டிருந்து, புதிய தொடரின் முதலடியில் வரும் பாடலைத் தொடங்கவேண்டும். வெளியேறும் பாடலின் கடைசி 16 பார்களின் மேல் வரும் பாடலின் முதல் 16 பார்கள் பொருந்தி அமைந்தால், ஒன்று முடியும் இடத்தில் மற்றது தானாகவே மலரும்; கை செய்யவேண்டியது மிகக் குறைவு. எண்ணத் தெரிந்தவருக்கு நீண்ட இணைப்பு எளிது. எண்ணத் தெரியாதவருக்கு எந்தக் கருவியும் முழுமையாக உதவாது. எல்லாப் பாடல்களும் எட்டின் மடங்கில் அமைவதில்லை என்பதால், கூடுதலாக ஒன்றிரண்டு பார்கள் வரும் இடங்களை முன்னரே கேட்டுக் குறித்து வைத்தல் வேண்டும். குரலின் மேல் குரல் விழுவதையும் தவிர்த்தல் வேண்டும். இரு மொழியாயினும் ஒரே மொழியாயினும் இரண்டும் விளங்காமற் போகும்.

தாழொலி

ஒலிக்கலவைப் பொறியான மிக்சரில் ஒவ்வொரு பாடலுக்கும் உயர், இடை, தாழ் அதிர்வெண்களுக்கெனத் தனித்தனித் திருகுகள் உள்ளன. இவற்றுள் இணைப்பின்போது மிகுந்த கவனம் வேண்டுவது தாழொலித் திருகு. காரணம் இயற்பியல் சார்ந்தது. 60 எர்ட்சு அதிர்வெண் கொண்ட பெருமுரசு அடியின் ஓர் அலை ஏறத்தாழ 16.7 மில்லிநொடி நீளமானது. இரு பாடல்களில் ஒரே மாதிரியான அடிகள் சரியாக ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் அவை கூடி 6 டெசிபெல் வரை உயரும். எண்ணிமக் கருவி தன் உச்ச எல்லையைத் தாண்டி ஒலியைச் சிதைக்கும். அரை அலை, அதாவது 8 மில்லிநொடி விலகினால், அவை ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும். முரசு திடீரென மெலிந்துவிடும். 8 மில்லிநொடி விலகலைக் காது இரு அடிகளாகப் பிரித்தறியாது. ஆகவே வேகம் பொருந்தியது போலவே கேட்கும், ஆனால் இசை வலுவிழந்து போகும்.

இதனால் ஒரு நேரத்தில் ஒரு பாடலின் தாழொலி மட்டுமே ஒலிக்கவேண்டும் என்பது பொது விதி. வரும் பாடல் தாழொலி குறைக்கப்பட்ட நிலையில் நுழைகிறது. ஒரு தொடரின் எல்லையில் பழையதன் தாழொலி இறக்கப்பட்டு, அதே அடியில் புதியதன் தாழொலி ஏற்றப்படுகிறது. ஆடுவோர் பாடல் மாறிவிட்டதை உணர்வது பெரும்பாலும் இந்த ஓர் அடியில்தான்.

சுருதி

வேகத்தை மாற்றினால் தட்டின் சுருதியும் மாறும். ஏறத்தாழ 6 விழுக்காடு வேக மாற்றம் ஓர் அரைச்சுரத்துக்குச் சமம். 3 விழுக்காடு மாற்றினால் பாடல் இரு சுரங்களுக்கு நடுவே நிற்கும். தனியே கேட்கையில் குறை தெரியாது, மற்றொரு பாடலோடு சேர்கையில் கரகரக்கும். சுருதி மாறாமல் வேகத்தை மாற்றும் வசதி எண்ணிமக் கருவிகளில் உண்டு. மாற்றம் பெரிதாகும்போது குரல் நடுங்குவதும் முரசின் கூர்மை மழுங்குவதும் அதன் விலை.

எந்தச் சுருதிகள் இணங்கும் என்பதைக் காட்ட கேமலாட் சக்கரம் என்னும் வட்டம் பயன்படுகிறது. கடிகார முகம் போன்ற இதில் அடுத்தடுத்த எண்கள் இணக்கமானவை. இது பயனுள்ள வழிகாட்டியே அன்றிச் சட்டமன்று. தாளப் பகுதிகள் மட்டும் சந்திக்கும் இணைப்பில் சுருதி பற்றிய கவலை பெரும்பாலும் தேவையற்றது.

ஒலியளவும் கேட்கும் இடமும்

1970களின் பதிவை அண்மைக்காலப் பதிவுக்குப் பின் ஒலிக்கச்செய்தால் ஒலி சட்டெனத் தாழும். உள்ளீட்டு அளவை முன்னரே காதணியில் கேட்டுச் சமன்செய்யவேண்டும். இரு தடங்களுக்கும் குறுக்கே நகரும் கிராஸ்பேடர் எல்லாப் பொறிகளிலும் ஒரே விதமாக நடப்பதில்லை. சிலவற்றில் நடுவில் இரு பாடல்களும் 6 டெசிபெல் குறைந்து, இணைப்பின் மையத்தில் இசை பள்ளத்தில் விழுந்ததுபோல் தோன்றும். 3 டெசிபெல் மட்டும் குறையும் அமைப்பில் இக்குறை இராது.

அதிகம் பேசப்படாத மற்றொன்று, ஒலி பயணிக்கும் நேரம். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 10 மீட்டர் தொலைவிலுள்ள ஒலிபெருக்கியின் ஒலி வந்துசேர 29 மில்லிநொடி ஆகும். காதணியில் கேட்கும் பாடலை அந்தத் தாமதித்த ஒலியோடு ஒப்பிட்டுப் பொருத்துபவர், களத்தில் பிசகிய இணைப்பையே தருவார். இசைப்பவரின் அருகில் தனி ஒலிபெருக்கி வைப்பது இதற்காகவே. அதனை மிகையாக உயர்த்துவதும் தீது: அமெரிக்கத் தொழில்நலப் பரிந்துரையின்படி 100 டெசிபெல் அளவைப் பாதுகாப்பின்றி 15 நிமிடத்துக்கு மேல் கேட்கலாகாது.

தமிழ்த் திரைப்பாடல்கள்

இசைக்குழுவினர் ஒன்றாக அமர்ந்து வாசித்துப் பதிவான பழைய தமிழ்த் திரைப்பாடல்களை இணைப்போர், கிராசோ எதிர்கொண்ட அதே சிக்கலை எதிர்கொள்கின்றனர். வேகம் நிலையானதன்று, மென்பொருள் வரையும் அடிக்கட்டம் சரணம் வருமுன்னரே விலகிவிடும். தாளம் மட்டும் ஒலிக்கும் நீண்ட முகப்பும் இப்பாடல்களில் அரிது. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வரும் இடையிசையே வெளியேறத் தக்க இடம். திஸ்ர நடையில் அமைந்த பாடலைச் சதுஸ்ர நடைப் பாடலின் மேல் நீண்ட நேரம் இடுவது சிறப்பதில்லை. அங்கே எல்லையில் வெட்டி மாறுவதே நேர்மையான வழி.

தானியங்கி ஒத்திசைவு

ஒரு பொத்தானை அழுத்தியதும் வேகத்தையும் அடியையும் பொருத்தும் வசதி முதலில் மென்பொருட்களிலும், பயனியர் வரிசையில் 2012இல் வெளிவந்த சிடிஜே-2000 நெக்சஸ் கருவியிலும் வந்தது. இது கலையைக் கெடுக்கிறது என்பாரும், கையை வேறு பணிகளுக்கு விடுவிக்கிறது என்பாரும் உளர். பொத்தான் இரு பாடல்களின் அடிகளைப் பொருத்துமே தவிர, எந்தப் பாரில் எந்தப் பார் தொடங்கவேண்டும் என்பதையும், எப்போது தாழொலியை மாற்றுவது என்பதையும் பொதுவாக இசைப்பவரிடமே விட்டுவிடுகிறது. அடிக்கட்டம் தவறாக வரையப்பட்டிருந்தால் அது தவறான இடத்தில் துல்லியமாகப் பொருத்தும். அதனைக் காதால் அறியாதவர் திருத்தவும் இயலாது.

பயிற்சி

ஒரே பாடலின் இரு படிகளை இணைத்துப் பழகுவது நல்ல தொடக்கம். சுருதியும் வேகமும் ஒன்றே ஆதலால் காது அடியை மட்டும் கவனிக்கும். இரண்டும் மிக நெருங்கும்போது, விமானம் கடந்துசெல்வது போன்ற சுழலும் ஓசை எழும். அது சில மில்லிநொடிகளுக்குள் வந்துவிட்டதன் அடையாளம். அடுத்து, அமைப்பு நன்கு தெரிந்த பத்துப் பன்னிரண்டு பாடல்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் எல்லா இணைகளையும் முயலலாம். ஆயிரம் பாடல்களைச் சேர்ப்பதைவிட இது விரைவில் பலன் தரும். பயிற்சியைப் பதிவு செய்து மறுநாள் கேட்டல் இன்றியமையாதது. இசைக்கும் வேளையில் கை செய்வதையே மனம் கேட்கிறது, காதில் விழுவதை அன்று.

இணைக்காமல் விடுதல்

இணைப்பே இன்றியும் புகழ்பெற்றவர் உண்டு. 1970இல் நியூயார்க்கில் தம் வீட்டில் லாஃப்ட் என்னும் நடன விருந்தைத் தொடங்கிய டேவிட் மன்குசோ, முதலில் தட்டுகளை இணைத்து வந்தார். பின்னர் 1980களில் மிக்சரையே விலக்கிவிட்டு, ஒவ்வொரு பாடலையும் அதன் கலைஞர் பதிவுசெய்தபடி தொடக்கம் முதல் இறுதி வரை ஒலிக்கச்செய்தார். மிக்சர் ஒலியின் தூய்மையைக் குறைக்கிறது என்பது அவர் கருத்து. பாடல்களின் வரிசை மட்டுமே அவருக்கு எஞ்சிய கருவி. அவர் 2016இல் காலமானார்.